சிறு மரலேத்துக்கு ஒரு ஸ்டெடி ரெஸ்ட்

லேத்தில் சுழலும் மரத்தை அதன் இடைப்பகுதியில் தொட்டுத் தாங்கும் சட்டத்துக்கு ஸ்டெடி ரெஸ்ட் என்று பெயர். பட்டறைகளில் சுருக்கமாக ஸ்டெடி. மரலேத்தில் மரம் பிடிபட்டிருப்பது இரண்டே இடங்களில்: இடப்பக்கம் ஹெட்ஸ்டாக்கின் பல்முனை, வலப்பக்கம் டெயில்ஸ்டாக்கின் கூர்முனை. நடுவில் ஆதாரம் ஏதும் கிடையாது. குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும் கட்டில் காலுக்கு அந்தப் பிடி போதும். மாடிப்படி அழியின் ஒல்லிக் கம்பு, மத்தின் காம்பு, தொட்டில் கட்டை என்று வேலை நீண்டு மெலியும்போது நடுப்பகுதி உளிக்கு விலகிக்கொடுக்கத் தொடங்குகிறது. விலகிய மரம் திரும்பி வந்து உளியில் மோதுகிறது, மறுபடி விலகுகிறது. மரத்தின் மேல் திருகாணி மரை போன்ற சாய்கோடுகள் விழுந்துவிடும். எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் அவை முழுதாகப் போகா.

கடையில் கிடைக்கும் ஸ்டெடிகள் பெரும்பாலும் இரும்பு லேத்துக்கானவை. அவற்றின் மூன்று பித்தளை விரல்கள் எண்ணெய் தடவிய இரும்புத் தண்டின் மேல் வழுக்கிக்கொண்டே தாங்கும். மரத்துக்கு அது ஆகாது. உரசலில் மரம் கருகும், எண்ணெய்க் கறையும் பிடிக்கும். மரத்துக்கு வேண்டியது கூடவே உருளும் சக்கரம். சக்கரம் வைத்த சட்டத்தைப் பிளைவுட், போல்ட், பேரிங் ஆகியவற்றைக் கொண்டு எந்தத் தச்சுப் பட்டறையிலும் செய்துவிடலாம். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையில், சித்தூர் தாலுகாவில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை போன்ற ஊருக்கு இதற்கான பொருள் எதுவும் தொலைவில் இல்லை. மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன கோவை ஒரு பக்கம். இந்தியாவின் பிளைவுட் ஊர்களில் ஒன்றான பெரும்பாவூர் மறுபக்கம்.

மரம் ஏன் வளைகிறது, எவ்வளவு வளைகிறது என்பது தெரிந்தால் சட்டத்தை எப்படி அமைப்பது என்பதும் தெரிந்துவிடும். இரு முனையிலும் தாங்கிய கம்பின் நடுவில் அழுத்தினால் ஏற்படும் வளைவு, நீளத்தின் மூன்றாம் படியோடு கூடுகிறது. விட்டத்தின் நான்காம் படியோடு குறைகிறது. நீளம் இரண்டு மடங்கானால் வளைவு 8 மடங்கு. விட்டம் பாதியானால் 16 மடங்கு. 600 மி.மீ. நீளமும் 25 மி.மீ. விட்டமும் உள்ள தேக்குக் கம்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் நடுவில் உளி 2 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் கம்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வளையும். 20 மி.மீ.க்கு மெலிந்த பிறகு அதே அழுத்தத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகும். 40 மி.மீ. தடிமனாக இருந்தபோதோ அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வளைந்திருக்காது. காலையில் சொன்னபடி கேட்ட மரம் மாலையில் அடங்க மறுப்பதன் காரணம் இதுதான். நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் 600 மி.மீ. கம்பு இரண்டு 300 மி.மீ. கம்புகளாகிவிடுகிறது, வளைவு எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது.

கடைசல்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. நீளம் விட்டத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டினால் தாங்கல் தேவைப்படும் என்பதே பொதுவான அளவுகோல். மரத்தைப் பொறுத்து இது முன்பின்னாகும். சித்தூர் தாலுகாவின் வறண்ட கிழக்குப் பகுதியில் ஏராளமாக நிற்கும் பனையும், தோப்புகளில் நிற்கும் தென்னையும் இந்த வகையில் தொல்லை கொடுப்பவை. பனைக்கும் தென்னைக்கும் மற்ற மரங்களைப்போல் ஆண்டு வளையம் கிடையாது. மென்மையான சதைக்குள் கம்பி போன்ற கடினமான நார்கள் ஓடுகின்றன. பட்டையை ஒட்டிய பக்கம் நார் அடர்த்தி, உள்பக்கம் சோறு. அப்படிப்பட்ட மரத்தில் அறுத்தெடுத்த கட்டை ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தொய்வாகவும் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வளைவு மாறுவதால் தேக்கைவிட முன்னதாகவே அது அதிரத் தொடங்கும்.

அதிர்வு வந்ததும் டெயில்ஸ்டாக்கை இன்னும் இறுக்குவது பலருக்கும் கை தானாகச் செய்யும் வேலை. அது நிலைமையை மோசமாக்கும். மெலிந்த கம்பை இரு முனையிலும் நெருக்கினால் அது நடுவில் வில்லாகப் புடைக்கும். புடைத்த கம்பு சுழலும்போது வீச்சு இன்னும் கூடும். முனை மரத்தில் பதிந்து, தளர்ச்சி இல்லாமல் சுழன்றால் போதும்.

ஸ்டெடி இல்லாத காலத்திலும் ஒல்லி வேலை நடந்திருக்கிறது. அப்போது தாங்கியது கை. வலக்கை உளியைப் பிடிக்க, இடக்கை விரல்கள் மரத்தின் பின்பக்கத்தை அணைத்துக்கொண்டு அதே அளவு எதிர்த்து அழுத்தும். அனுபவசாலிகள் இன்றும் இப்படிச் செய்கிறார்கள். விரல் சுடுவதை வைத்தே உளி மழுங்கியதையோ அழுத்தம் மிகுந்ததையோ கண்டுகொள்வார்கள். சில்லு தெறிக்கும் கட்டையிலும் முடிச்சுள்ள மரத்திலும் இது ஆபத்தான பழக்கம். ஐரோப்பியப் பட்டறைகளில் இன்னொரு பழைய முறை இருந்தது: லேத்தின் பின்னால் ஒரு கட்டை, அதில் ஆங்கில ‘வி’ வடிவ வெட்டு, அந்தக் கட்டையை முன்னோக்கித் தள்ள ஓர் ஆப்பு. மரம் இளைக்க இளைக்க ஆப்பு தன் எடையால் கீழே இறங்கி, கட்டையை மரத்தோடு ஒட்ட வைக்கும். சக்கரமே இல்லாத இந்த ஏற்பாட்டில் உரசும் இடத்தில் மெழுகு தடவினார்கள். இரண்டு முளைகளுக்கு இடையே நூல்கயிற்றைக் குறுக்காகக் கட்டி மரத்தை அணைப்பதும் உண்டு, 10 மி.மீ.க்கும் மெல்லிய வேலைக்கு இன்றும் அதுதான் எளிது.

தமிழ்நாட்டில் நீண்டு மெலிந்த கடைசலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நாதஸ்வரம். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து இதைச் செய்கிறார்கள். 2022இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரி நாதஸ்வரத்தின் உடல் இரண்டடிக்கு மேல் நீளும். மேலிருந்து கீழே வரவர விரியும். உள்ளே துளையும் உண்டு. பல பத்தாண்டுகள் கட்டடத்தில் கிடந்து உலர்ந்த மரத்தையே தேடிப் பிடிப்பதற்கு முதன்மையான காரணம், அது இனிமேல் முறுகாது, வளையாது என்பது. மரமே கோணினால் எந்த ஸ்டெடியும் காப்பாற்றாது.

இனி சட்டம். முதலில் முடிவு செய்ய வேண்டியது சக்கரங்களின் இடம். மரலேத்தில் மரத்தின் மேற்பக்கம் கடைபவரை நோக்கி வந்து கீழே இறங்குகிறது. இறங்கி வரும் மரத்தை உளி எதிர்கொள்வதால் உளி கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. அதன் எதிர்விசை மரத்தை மேலே தூக்குகிறது. உளியைத் தள்ளும் விசை மரத்தைப் பின்னால் தள்ளுகிறது. ஆக, மரம் நழுவப் பார்ப்பது பின்னும் மேலுமாக. நேர் பின்னால் ஒரு சக்கரம், நேர் மேலே ஒரு சக்கரம் என்று 90 பாகை இடைவெளியில் வைத்தால் அந்த விசை இரண்டுக்கும் நடுவில் வந்து விழும். முன்பக்கத்தைத் திறந்தே விடலாம். மரத்தை ஏற்றி இறக்கவும் உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் நெருங்கி வரவும் அது வசதி. கம்பு வேலைக்கு மூன்றாவது சக்கரம் கட்டாயம் இல்லை.

அடுத்தது சக்கரத்தின் அளவு. சறுக்குச் சப்பாத்தின் (ரோலர் ஸ்கேட்டின்) பாலியூரித்தேன் சக்கரத்தைப் பொருத்துவது வழக்கத்தில் உள்ள யோசனை. அது மென்மையாக உருளும், தடம் பதிக்காது. ஆனால் 72 மி.மீ. விட்டமுள்ள இரண்டு சக்கரங்களை 90 பாகையில் வைத்தால், மரம் 30 மி.மீ.க்குக் கீழே மெலிந்ததும் சக்கரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்; மரத்தைத் தொடவே முடியாது. தாங்கல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைவிட்டுவிடும். 120 பாகைக்கு விரித்தால் சுமார் 11 மி.மீ. வரை இறங்கலாம், ஆனால் விசை விழும் இடம் விலகிப்போகும். சின்ன லேத்துக்கு 608 பேரிங்கையே சக்கரமாக வைத்துக்கொள்வது நல்லது. அதன் உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. சறுக்குச் சக்கரத்துக்குள் இருப்பதும் இதே பேரிங்தான். 90 பாகையில் இரண்டை வைத்தாலும் 10 மி.மீ. மரம் வரை முட்டாமல் போகும். இரும்பு மூடி போட்டதை விட்டு, ரப்பர் சீல் உள்ள ‘டூ ஆர்எஸ்’ வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மரத்தூள் புகுந்தால் கிரீஸ் களிம்பாகிப் பேரிங் இறுகிவிடும்.

வெறும் பேரிங் மரத்தில் பளபளப்பான கரும்பட்டை ஒன்றைப் பதிக்கும். ஒரே போல்ட்டில் இரண்டு பேரிங்குகளை அடுத்தடுத்து மாட்டினால் தொடும் அகலம் 14 மி.மீ. ஆகி அழுத்தம் பங்கிடப்படும். அதன்மேல் மின்சார வேலைக்காரர்கள் பயன்படுத்தும், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையை மாட்டினால் தடம் பெரும்பாலும் விழாது.

சட்டத்துக்கு அறுத்த மரப்பலகை வேண்டாம். பலகையில் வளையம் வெட்டினால் நார் குறுக்கே ஓடும் இரண்டு இடங்கள் எப்படியும் வரும். அங்கேதான் அது முறியும். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததற்குக் குறுக்காக இருப்பதால் அந்தப் பலவீனம் இல்லை. 12 மி.மீ. பிளைவுட் இரண்டை ஃபெவிகால் தடவி, சி-கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட்டால் 24 மி.மீ. தடிமன் கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் உலர்ந்த கிழக்குக் காற்றும் அதற்கு மாறான மழைக்கால ஈரமும் மாறி மாறி அடிக்கும் ஊரில், தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 பிளைவுட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

அளவுகள் லேத்தின் மைய உயரத்தைப் பொறுத்தவை. 250 மி.மீ. விட்டம் வரை சுழலவிடும் சிறு லேத்தில் பெட் எனப்படும் அடித்தளத் தண்டவாளத்திலிருந்து மையம் 125 மி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்கு 240 மி.மீ. அகலம், 245 மி.மீ. உயரமுள்ள பிளைவுட் துண்டு சரியாகப் பொருந்தும். இதில் ஸ்கேல் வைத்து மையத்தை அளக்க வேண்டியதில்லை. அளந்தால் ஒரு மில்லிமீட்டராவது பிசகும். துண்டை, பெட்டில் அமரும் அடிக்கட்டையோடு இணைத்து நிமிர்த்தி வைத்து, ஹெட்ஸ்டாக்கில் கூர்முனை சென்டரை மாட்டி, துண்டை அதன்மேல் போய் இடிக்கும்வரை நகர்த்த வேண்டும். பின்னாலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டினால் பிளைவுட்டில் ஒரு புள்ளி விழும். லேத்தின் உண்மையான மையம் அந்தப் புள்ளி. லேத் சொந்தப் பட்டறையில் இரும்புச் சேனலை வைத்து அடித்ததாக இருந்தாலும், பெட் கொஞ்சம் கோணியிருந்தாலும், அந்தப் பிசகு உட்பட எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

அந்தப் புள்ளியிலிருந்து 65 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு ஜிக்சாவால் வெட்டி எடுக்க வேண்டும். வெளிமூலைகளைச் சாய்த்து வெட்டினால் சட்டம் எண்கோணமாகிவிடும். முன்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு வளையத்தைத் திறந்துவிட வேண்டும். இப்படித் திறந்த வளையம் கொஞ்சம் நெகிழும் என்பதால் பின்பக்கமும் அடிப்பக்கமும் அகலம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

சக்கரங்களைத் தாங்கும் கரங்கள் 140 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலமுள்ள தேக்குத் துண்டுகள். ஒரு முனையில் பேரிங்குக்கு 8 மி.மீ. துளை, அந்தத் துளையிலிருந்து 22 மி.மீ. தள்ளி, 75 மி.மீ. நீளத்துக்கு 8.5 மி.மீ. அகலமான பிளவு. சட்டத்தில் மையத்திலிருந்து 78 மி.மீ. தூரத்தில் ஒன்று, 108 மி.மீ. தூரத்தில் ஒன்று என்று இரண்டு துளைகள். இரண்டு எம்8 போல்ட்டுகளும் ஒரே பிளவின் வழியாகப் போக வேண்டும். ஒற்றைப் போல்ட்டில் நிறுத்திய கரம் எவ்வளவு முடுக்கினாலும் அதிர்வில் திரும்பிவிடும். வீட்டில் செய்த ஸ்டெடிகளில் அடிக்கடி காணப்படும் குறை இதுதான். இந்த அளவில் 12 முதல் 80 மி.மீ. வரை விட்டமுள்ள மரத்தைத் தாங்கலாம்.

கரம் சட்டத்தின் முகத்தில் படிந்திருக்க, பேரிங் வளையத்தின் திறப்புக்குள் வருமாறு போல்ட்டை உள்நோக்கி மாட்ட வேண்டும். அப்போது மரத்தின் தள்ளுதல் சட்டத்தின் தளத்திலேயே இறங்கும்; சட்டத்தை முறுக்காது. பேரிங்குக்கும் கரத்துக்கும் நடுவே போடும் வாஷர் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். உள்வளையத்தை மட்டும் அது தொட வேண்டும். சாதாரண எம்8 வாஷரைப் போட்டால் அதன் விளிம்பு சீலையோ வெளிவளையத்தையோ கவ்வி, நட்டை முடுக்கியதும் பேரிங் நின்றுவிடும். கரம் பிடிக்கும் போல்ட்டுகளின் மறுபக்கம் மட்டும் அகலமான வாஷரும் கையால் முடுக்கும் நட்டும்.

அடிக்கட்டை பெட்டின் இரு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் அரை மில்லிமீட்டர் தளர்ச்சியோடு இறங்க வேண்டும். பெட்டின் அடியில் ஒரு தட்டை இரும்புப் பட்டை, அதன் வழியாக ஓர் எம்10 போல்ட். சட்டத்தின் இரு பக்கமும் முக்கோணத் தாங்குகட்டை ஒட்டினால் அது லேத்தின் நீளவாக்கில் ஆடாது. எல்லாம் முடிந்ததும் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் பலமாகத் தள்ளிப்பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியுமளவு அசைந்தால் கம்பு வளைவதற்குப் பதில் சட்டம் வளையும், பலன் ஒன்றே.

சட்டத்தைச் செய்வதைவிடச் சரியாகப் பயன்படுத்துவதில்தான் பிழைகள் அதிகம். சக்கரம் மரத்தை வட்டமாக்குவதில்லை. இருக்கும் வட்டத்தை அப்படியே நம்புகிறது. சதுரக் கட்டையின் மேல் வைத்தால் தடதடக்கும். நீள்வட்டமாகக் கடைந்த இடத்தில் வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் மரத்தை இருமுறை தள்ளி, அந்த நீள்வட்டத்தை மற்ற இடங்களுக்கும் பரப்பும். எனவே கட்டை இன்னும் தடிமனாக இருக்கும்போதே, நடுவில் 30 மி.மீ. அகலத்துக்கு மட்டும், கூர்மையான உளியால் மெல்லிய சீவலாக எடுத்து ஒரு துல்லியமான உருளைப் பட்டையை முதலில் உண்டாக்க வேண்டும். முடிவான விட்டத்தைவிட அது 1 அல்லது 2 மி.மீ. பெரியதாக இருக்கட்டும். சக்கரம் அமரும் பட்டை இது.

லேத் நின்றிருக்கையில் கரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, பேரிங் மரத்தை முத்தமிடும் இடத்தில் முடுக்க வேண்டும். மரத்தைக் கையால் சுற்றினால் பேரிங் கூடவே உருள வேண்டும். ஆனால் அதை விரலால் தொட்டால் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் சக்கரமே மரத்தை வளைக்கும். சந்தேகம் இருந்தால் டெயில்ஸ்டாக்கை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். மரத்தின் முனையிலுள்ள குழி சென்டரின் கூரிலிருந்து ஒரு பக்கம் விலகினால், எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்பது விலகிய திசையிலேயே தெரியும்.

பிறகு ஸ்டெடிக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் கடைந்து, அரம் தேய்த்து, உப்புத்தாளும் போட்டு முடித்துவிட்டு, ஸ்டெடியை முடிந்த பகுதிக்கு நகர்த்தி நடுப்பட்டையை அளவுக்கு இறக்க வேண்டும். கடையும்போது சட்டத்துக்கும் பேரிங்குக்கும் இடையில் சீவல் சேரும். லேத்தை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தட்டிவிட வேண்டும். தோளில் துண்டும் மடித்துக்கட்டிய லுங்கியும் ஊர் வழக்கமாக இருக்கலாம்; சுழலும் மரத்தோடு பேரிங்குகளும் சேர்ந்து சுழலும் இடத்தில் துணியைப் பிடித்திழுக்க இப்போது இன்னும் இரண்டு வாய்கள் உண்டு. துண்டைக் கழற்றி வைத்து, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுக்கொள்வதே முறை.

கீச்சென்ற ஒலி வந்தால் பேரிங் உருளாமல் உரசுகிறது என்று பொருள். வாஷரையோ தூசியையோ பார்க்க வேண்டும். சாய்கோடுகள் ஸ்டெடிக்கு அருகே மறைந்து முனைக்கும் ஸ்டெடிக்கும் நடுவில் மட்டும் தொடர்ந்தால், அந்தப் பாதியும் தாங்கலுக்கு நீளமாகிவிட்டது. ஸ்டெடியை அங்கே நகர்த்தலாம், அல்லது இரண்டாவது ஒன்றைச் செய்யலாம். மரம் பட்டையின் இடத்தில் சூடேறினால் அழுத்தம் அதிகம்.

நாதஸ்வரம் போலக் கூம்பான வேலையில் சரிந்த பரப்பின் மேல் சக்கரத்தை வைத்தால், அதன் ஒரு விளிம்பு மட்டும் பதிந்து மரத்தில் கோடு கிழிக்கும். கூம்பு வடிவத்தை எடுக்கும்போது நடுவில் ஒரு குறுகிய நேர்ப்பட்டையை விட்டுவைத்து, கடைசியில் அதைச் சீவி எடுப்பதே எளிது.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் அதே சித்தூர் தாலுகாவிலுள்ள பெருவெம்பா மத்தளம், செண்டை, மிருதங்கம் போன்ற தோற்கருவிகளுக்குப் பேர்போன ஊர். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இவற்றின் உடல் பலா மரம். இப்படிப்பட்ட கூட்டை லேத்தில் குடைய நேர்ந்தால் சிக்கல் வேறு மாதிரியானது. உள்ளே உளி போக வேண்டுமென்பதால் டெயில்ஸ்டாக்கை எடுத்துவிட வேண்டும். கனமான கட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டு, மறுமுனை அந்தரத்தில் சுழலும். இங்கே இரண்டு சக்கரம் போதாது. எந்தத் திசையிலும் விலக இடமில்லாமல் 120 பாகை இடைவெளியில் மூன்று சக்கரங்கள், திறப்பில்லாத முழு வளையம், கூட்டின் வாயை ஒட்டி ஸ்டெடி. இவ்வளவு பெரிய விட்டத்தில் சறுக்குச் சக்கரங்கள் முட்டிக்கொள்ளும் பிரச்சினை இல்லாததால் அவற்றையே பொருத்தலாம். 250 மி.மீ. லேத்தில் ஸ்டெடியின் வளையமும் சேர்ந்து அடங்க வேண்டுமென்பதால் சிறிய கூடுகள் மட்டுமே சாத்தியம். பெரிய மத்தளத்துக்குப் பெரிய லேத் வேண்டும். ஈரப் பலாவைக் குடைந்தால், வேலை நடக்கும் சில மணி நேரத்திலேயே சுவர் உலர்ந்து வாய் லேசாக நீள்வட்டமாகத் தொடங்கும். சக்கரத்தின் ஒலி சீராக இல்லாமல் சுற்றுக்கு இருமுறை ஏறி இறங்குவதிலிருந்து இதைக் கண்டுகொள்ளலாம். அப்போது குடைவதை நிறுத்தி, சக்கரங்களைப் பின்னிழுத்து, குறைந்த வேகத்தில் வெளிப்பட்டையை மறுபடி வட்டமாகக் கடைந்த பிறகே ஸ்டெடியைத் திரும்ப வைக்க வேண்டும்.